விடுதியா, வீடா, பக்கத்தில் ஓர் அறையா?

உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசற் புள்ளியும் (Z-score) தெரிந்துவிட்டால், அடுத்த வேலை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை நிரப்புவதுதான். மற்றப் பிள்ளைகளுக்கு அது பாடநெறியைப் பற்றிய கேள்வி. ஓட்டிசம் உள்ள, படிப்பில் கெட்டிக்காரனான பிள்ளையின் வீட்டில் அதோடு வேறு கேள்விகளும் சேர்ந்துவிடுகின்றன. அவன் எங்கே தங்குவான், காலையில் யார் எழுப்புவார்கள், காய்ச்சல் வந்தால் யாருக்குத் தெரியவரும்? கிளிநொச்சிப் பக்கத்தில் நெடுங்காலமாக உயர்தர வகுப்புக்குக் கணிதம் கற்பிப்பவன் நான். இத்தகைய பிள்ளைகளை மற்ற ஆசிரியர்களை விடக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்திருப்பேன். பெற்றோர் வந்து கேட்பது மொறட்டுவையா, பேராதனையா என்று. தம்பி தன் உடுப்பைத் தானே தோய்ப்பாரா என்று நான் திருப்பிக் கேட்கிறேன். சிலர் பகிடி என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

தொகையீட்டுக் கணக்கை மூன்று வரியில் முடிக்கிறவனுக்கு உடுப்புத் தோய்ப்பது எம்மாத்திரம் என்ற நம்பிக்கைதான் அந்தச் சிரிப்பின் அடியில் இருக்கிறது. ஆய்வுகள் சொல்வது வேறு. அன்றாடத் திறன்களை அளப்பதற்கென்றே ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் வைன்லண்ட் என்ற ஊரிலிருந்த பயிற்சிப் பள்ளியில் எட்கர் டோல் என்ற உளவியலாளர் 1935 இல் உருவாக்கியது. பலமுறை திருத்தப்பட்டு, 2016 இல் மூன்றாம் பதிப்பு வந்தது. நுண்ணறிவு ஈவைப் (IQ) போலவே இதிலும் சராசரி 100, நியம விலகல் (புள்ளிகளின் பரவல்) 15. ஆகவே இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிள்ளையால் என்ன செய்ய முடியும் என்று இது கேட்பதில்லை. யாரும் சொல்லாமல், நினைவூட்டாமல், வழக்கமாக என்ன செய்கிறான் என்றுதான் கேட்கிறது. நம் பெற்றோர் தடுமாறும் இடமும் இதுதான். "தம்பிக்கு எல்லாம் தெரியும், சொன்னால் செய்வார்" என்று சொல்லும் அம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அளவுகோலில் "சொன்னால் செய்வார்" என்பதற்கு முழுப் புள்ளி கிடையாது.

சராசரி நுண்ணறிவு உள்ள ஓட்டிசப் பதின்ம வயதினரைப் பற்றி 2015 இல் அச்சேறிய அமெரிக்க ஆய்வொன்றில், ஏறத்தாழப் பாதிப் பேருடைய அன்றாடத் திறன்கள் அவர்களின் வயதையும் நுண்ணறிவையும் கொண்டு எதிர்பார்க்கக்கூடிய அளவுக்கு வெகுவாகக் கீழே இருந்தன. மேற்கு அவுஸ்திரேலியாவில் 2,225 பிள்ளைகளின் பதிவுகளை வைத்து 2020 இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: நுண்ணறிவை மட்டும் பார்த்து ஒருவரை "உயர்செயற்பாட்டு ஓட்டிசம்" என்று அழைப்பதே தவறு, அந்த எண்ணை வைத்து அவர் எப்படி வாழ்கிறார் என்று கணிக்க முடியாது என்றது. இன்னொரு தகவலைப் பெற்றோருக்கு நான் மறக்காமல் சொல்வதுண்டு. ஓட்டிசம் உள்ளவர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து 2012 இல் வெளியான ஆய்வில், இந்தத் திறன்கள் பதின்ம வயதிலும் இருபதுகளிலும் வளர்ந்துகொண்டே போய், இருபதுகளின் கடைசியில்தான் தேங்கின. பத்தொன்பது வயதில் எதுவும் முடிந்துவிடவில்லை. அந்த வருடங்களை எங்கே கழிப்பது என்பதில்தான் மூன்று தெரிவுகள் இருக்கின்றன.

தெரிவுகளுக்குப் போகுமுன், இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அது தெரியாவிட்டால் எந்தத் தெரிவும் குருட்டுத் தெரிவுதான்.

சோம்பல் என்று ஊர் சொல்லும். கிணற்றடியில் குளிப்பதையே எடுத்துக்கொள்வோம். துவாய், சவர்க்காரம், மாற்றுடுப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வாளியை இறக்கி அள்ள வேண்டும். தலைக்கு வார்ப்பதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும். சவர்க்காரம் போய்விட்டதா என்று கையால் உணர வேண்டும். ஈர உடுப்பைப் பிழிந்து கொடியில் போட வேண்டும். நமக்கு இது ஒரே வேலை. அவனுக்குப் பத்துப் பன்னிரண்டு தனித்தனி வேலைகள். ஒவ்வொன்றின் முடிவிலும் அடுத்தது எது என்ற கேள்வி நிற்கிறது. துவாயை மறந்து வந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுவான். அதற்கு முன்னால், குளிக்க வேண்டும் என்ற உணர்வே உடலிலிருந்து வர வேண்டும். பசி, தாகம், வியர்வை, காய்ச்சல் போன்ற உள்ளறிகுறிகள் ஓட்டிசம் உள்ள பலருக்கு மங்கலாகத்தான் எட்டுகின்றன. கேள்வித்தாளில் தொடக்கமும் ஒழுங்கும் அச்சிட்டுத் தரப்படுகின்றன. கிணற்றடியில் அவை இல்லை.

மொழியும் சேர்ந்து குழப்புகிறது. "கொஞ்சம் உப்புப் போடு", "சோறு பதமாக வந்ததும் இறக்கு" என்பவை அவனுக்கு அறிவுறுத்தல்களே அல்ல. "ஒரு தேக்கரண்டி, மட்டமாக" என்றால் நூறு முறை போட்டாலும் நூறு முறையும் சரியாகப் போடுவான். பரந்தன் வழியாக வரும் பஸ்ஸில் நான் பார்த்தது ஒன்று. நடத்துநர் பையனிடம் நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு, "மீதி பிறகு தருகிறேன், தம்பி" என்றார். "பிறகு" என்பது இறங்குமுன் தானே கேட்டு வாங்குவதற்கான குறிப்பு என்று நமக்குத் தெரியும். அவன் சொல்லை அப்படியே நம்பினான். கிளிநொச்சியில் எல்லோரும் இறங்கிய பிறகும் இருக்கையை விட்டு எழும்பவில்லை. நடத்துநருக்கு எரிச்சல் வந்தது, இவனுக்குக் கண் கலங்கியது. அதற்குப் பிறகு அவனுடைய அப்பா சட்டைப்பையில் சரியான சில்லறை வைத்துவிடத் தொடங்கினார். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் சில்லறையை எண்ணி வைப்பவர் இன்றுவரை அப்பாதான்.

வன்னியில் இதற்கு மேல் ஒரு சுற்று இருக்கிறது. இப்போது உயர்தரம் எழுதும் வயதில் இருப்பவர்கள், போர் முடிந்த 2009 இல் கைக்குழந்தைகளாகவும் தத்துநடைப் பிள்ளைகளாகவும் இருந்தவர்கள். பேசப் பிந்தியதையும், கண்ணைப் பார்க்காததையும், சத்தத்துக்குக் காதைப் பொத்தியதையும் "செல்லுக்கு (எறிகணைக்கு) பயந்த பிள்ளை" என்று ஊர் வகைப்படுத்திவிட்டது. போரின் பயம் உண்மையானது. அது விட்டுச்சென்ற தழும்பும் உண்மையானது. ஓட்டிசம் வேறொன்று. அது பிறப்போடு வரும் மூளை வளர்ச்சியின் வேறுபாடு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததில், மதிப்பீடு என்ற ஒன்று பதினேழு வயது வரை நடக்காமலே போன பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளையைச் செல்லடியிலும் முகாமிலும் கையை விடாமல் காப்பாற்றி வந்த அம்மா, இப்போது சோற்றைப் பிசைந்து கொடுக்கிறார் என்றால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இனித் தெரிவுகள்.

முதலாவது, தூரத்து விடுதி. மொறட்டுவை, பேராதனை, கொழும்பு. இசற் புள்ளி போதுமானால் ஊரும் உறவும் முதலில் தள்ளுவது இங்கேதான். பெயர் இருக்கிறது, பாடநெறியின் தரம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. முதலாம் வருடத்தில் பெரும்பாலும் விடுதி இடமும் கிடைத்துவிடும். சிற்றுண்டிச்சாலையில் சாப்பாடு இருப்பதால் சமையல் தெரிய வேண்டியதில்லை. ஒருவிதத்தில் விடுதி ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு உகந்ததும்கூட, ஏனென்றால் சாப்பாட்டுக்கும் விரிவுரைக்கும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும்.

ஆனால் அறையில் இன்னும் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். விளக்கு எப்போது அணையும் என்பது அவன் கையில் இல்லை. பாட்டுச் சத்தம் அவன் கையில் இல்லை. கடைக்காரரிடமும் பஸ் நடத்துநரிடமும் சிங்களத்தில் பேச வேண்டும்; தமிழிலேயே அந்நியரிடம் வாய் திறக்கத் தயங்குபவனுக்கு அது இரட்டைச் சுவர். வீட்டுக்கு வருவதென்றால் ஓர் இரவுப் பயணம். எல்லாவற்றுக்கும் மேலே பகிடிவதை. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனாலும் அது நின்றுவிட்டது என்று எந்தப் பெற்றோரிடமும் நான் சொல்லமாட்டேன். சொல்வதை அப்படியே செய்பவன், பகிடி எது, கட்டளை எது என்று பிரித்தறியாதவன், யாரிடம் முறையிடுவது என்று தெரியாதவன். இப்படிப்பட்டவனைத் தேடித்தான் அந்தக் கூட்டம் வரும். காய்ச்சலில் மூன்று நாள் கட்டிலில் கிடந்தாலும், யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லாமல் இருப்பான். டெங்குக் காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

தூரத்து விடுதியை நான் முற்றாக மறுப்பதில்லை. தன் உடுப்பு, தன் பணம், தன் மருந்து ஆகிய மூன்றையும் ஏற்கெனவே தானே பார்த்துக்கொள்கிறவனும், அதே பல்கலைக்கழகத்தில் நம்பகமான அண்ணன்முறை ஒருவனை உடையவனும் போகலாம். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். போய்ச் சேர்ந்து, தன்னைப் போலவே கணினியின் முன் வாழும் நாலு பேரைக் கண்டுபிடித்து, வாழ்க்கையில் முதன்முறையாகச் சிநேகிதர்கள் கிடைத்த பையனையும் எனக்குத் தெரியும்.

இரண்டாவது, வீட்டிலிருந்து போய்வருவது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. பம்பைமடுவில் வவுனியா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது, வணிகக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம், தொழில்நுட்பவியல் ஆகியவை உண்டு. வன்னிப் பிள்ளைக்கு இது முன்பு இல்லாத வாய்ப்பு. வீட்டுச் சாப்பாடு, தன் கட்டில், தன் மின்விசிறி, தன் ஒழுங்கு. பதற்றம் குறைவு, படிப்பு நன்றாகப் போகும். முதல் இரண்டு தவணைக்கு இதைவிட அமைதியான வழி இல்லை.

சிக்கல் நாலு வருடம் கழித்து வரும். பட்டம் கையில் இருக்கும், அம்மாதான் இன்னும் துவாயை எடுத்துக் கொடுப்பார். வீட்டில் பழக்குவோம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வீட்டில் கைகள் அதிகம். அவன் தேநீர்க் கோப்பையைக் கழுவ எழும்புவதற்குள் அம்மம்மா எடுத்துவிடுவார். "படிக்கிற பிள்ளை, விடுங்கோ" என்பார் சித்தி. அவனுடைய வேகத்துக்குக் காத்திருக்க வீட்டுக்குப் பொறுமை இருந்தாலும் பழக்கம் இல்லை. இன்னொன்று, ஓர் இடத்தில் பழகிய திறன் மற்ற இடத்துக்குத் தானாகப் போய்விடாது. ஓட்டிசத்தில் இது நன்கு தெரிந்த விஷயம். கிணற்றில் குளிக்கப் பழகியவன் குழாய்க் குளியலறையில் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவான். விறகடுப்பில் முட்டை பொரித்தவன் காஸ் அடுப்பின் முன் நிற்பான். வீட்டில் பழகியது வீட்டுக்குத்தான் உதவும்.

பஸ் பயணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். முரசுமோட்டையிலிருந்தோ தருமபுரத்திலிருந்தோ அறிவியல்நகருக்கு வருகிறவன் கிளிநொச்சியில் மாறி ஏற வேண்டும். காலை நெரிசலில் தொங்கிக்கொண்டு வந்து, வகுப்பு தொடங்கும்போதே களைத்துப்போயிருப்பான். புதுக்குடியிருப்பிலிருந்து என்றால் தினமும் போய்வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அம்மாவும் கூடப் போய் மொறட்டுவையில் வீடெடுத்து இருப்பது என்று இதற்கு ஒரு கிளை உண்டு. பணம் உள்ள குடும்பங்கள், வெளிநாட்டிலிருந்து மாமாமார் அனுப்புகிற குடும்பங்கள் இதைச் செய்கின்றன. வீட்டைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு மாவட்டத்தில் வைப்பதுதான் இது. செலவு தூரத்துக்குரியது, பழக்கம் வீட்டுக்குரியது. இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது தெரிவுக்குத்தான் என் வாக்கு. பாடநெறி கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்குமானால் அதை விருப்ப ஒழுங்கில் மேலே போட்டு, வளாகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுப்பது. தனியாக அல்லது இன்னொரு அமைதியான மாணவனோடு. வெள்ளி மாலை வீடு, ஞாயிறு மாலை அறை. வீடு ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான், தவறினால் அப்பா மோட்டார் சைக்கிளில் வந்துவிடலாம். அதே வேளை, தினமும் வந்து நிற்க முடியாத தூரமாகவும் அது இருக்கும்.

இதில் பழக்கம் எங்கே தேவையோ அங்கேயே நடக்கிறது. குழாய் அதே குழாய், அடுப்பு அதே அடுப்பு, கடை அதே கடை. சோறு ஆக்க மின்குக்கர் போதும். அரிசி எந்தக் கோடு வரை, தண்ணீர் எந்தக் கோடு வரை என்பது பாத்திரத்திலேயே இருக்கிறது, பதம் பார்க்க வேண்டியதில்லை. உடுப்புத் தோய்ப்பதை "அழுக்கானால்" என்று விடாமல் புதன், சனி என்று கிழமையோடு கட்டிவிடலாம். ஒவ்வொரு வேலையையும் சிறு படிகளாக உடைத்து அட்டையில் எழுதி, வேலை நடக்கும் இடத்தின் சுவரிலேயே ஒட்டுவது நன்றாக வேலை செய்கிறது. பழக்கும்போது முதல் படியிலிருந்து தொடங்காமல் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வரும் முறையும் உண்டு. முதல் வாரம் எல்லாவற்றையும் நீங்கள் செய்து, உடுப்பைக் கொடியில் போடுவதை மட்டும் அவனிடம் விடுங்கள். அடுத்த வாரம் பிழிவதும் போடுவதும் அவனுடையது. ஒவ்வொரு முறையும் வேலை அவன் கையில் முடிவதால் அவனுக்கு அதில் ஒரு நிறைவு வருகிறது. கணக்கில் இறுதி விடையிலிருந்து பின்னோக்கி நடத்திக் காட்டினால் சிலருக்குச் சட்டென்று பிடிபடும். அதனால் எனக்கு இந்த முறை பிடித்திருப்பதில் ஆச்சரியமில்லை.

இதற்கும் குறைகள் உண்டு. வாடகை விடுதிக் கட்டணத்தை விடக் கூட. வீட்டுக்காரர் நல்லவராக அமைய வேண்டும். "பையன் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார், அது மரியாதைக் குறைவு அல்ல" என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தனிமை கூடும் ஆபத்தும் இருக்கிறது. விரிவுரைக்கும் அறைக்கும் இடையில் மட்டும் நடந்து, வாரம் முழுவதும் யாரோடும் பேசாமல் இருந்துவிடக்கூடும். மொறட்டுவைக்குப் புள்ளி இருந்தும் கிளிநொச்சியைப் போட்டால் உறவினர் கேட்கும் கேள்விகளுக்குப் பெற்றோர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், முதல் வருடத்தில் படிப்பை நிறுத்திவிட்டு வீடு திரும்புவதை விட அந்தக் கேள்விகள் மலிவு.

பெண் பிள்ளை என்றால் கணக்குக் கொஞ்சம் மாறும். ஓட்டிசம் உள்ள பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடந்துகொள்ளப் பழகிவிடுவதால் பலருக்கு மதிப்பீடே பிந்தித்தான் நடக்கிறது. வெளியே எல்லாம் ஒழுங்காகத் தெரியும், மாலையில் அறைக்குள் வந்ததும் உடைந்துபோவார்கள். தனியறை எடுத்துக்கொடுக்க வன்னியில் எந்தக் குடும்பமும் இலகுவில் சம்மதிக்காது, அதற்குக் காரணமும் இருக்கிறது. நகரில் ஒரு பெரியம்மா வீடு இருந்தால் அதுவே நடுவழி. ஆனால் பெரியம்மா எதைச் செய்யமாட்டார் என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். மாதவிலக்கு நாட்களை நாட்காட்டியில் குறிப்பதும், பையில் எப்போதும் மாற்று வைப்பதும், எவருடைய தொடுகையை மறுக்கலாம் என்பதும் வெட்கத்தோடு ஒதுக்கிவைக்கும் விஷயங்கள் அல்ல. இவற்றைச் சுற்றி வளைத்துச் சொன்னால் அவளுக்கு விளங்காது.

பல்கலைக்கழகமே வேண்டாம், கைத்தொழில் படிக்கட்டும் என்பவர்களுக்கு அறிவியல்நகரிலேயே 2016 இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. செய்முறை அதிகம் என்பதால் சிலருக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் எங்கே தங்குவது என்ற கேள்வி அங்கேயும் இதேதான்.

எந்தத் தெரிவானாலும், பெறுபேறுக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் நம் நாட்டில் மாதக்கணக்கான இடைவெளி கிடைக்கிறது, சில வேளை ஒரு வருடத்தையும் தாண்டிவிடுகிறது. பிள்ளைகள் ஆங்கில வகுப்புக்கும் கணினி வகுப்புக்கும் போகும் காலம் அது. இந்தப் பிள்ளைக்கு அப்போது பாடம் வேறாக இருக்க வேண்டும். தனியாக வங்கி அட்டையில் பணம் எடுப்பது, தொலைபேசிக்கு ரீலோட் போடுவது, மருந்தகத்தில் சீட்டை நீட்டுவது, வெப்பமானியில் காய்ச்சல் பார்த்து 38 பாகைக்கு மேல் என்றால் இந்த எண்ணுக்கு அழைப்பது. இரண்டு கிழமைக்கு யாரும் நினைவூட்டாமல் இருந்து பாருங்கள். எது தானாக நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒரு தாளில் குறியுங்கள். விருப்ப ஒழுங்கைத் தீர்மானிப்பதற்கு இசற் புள்ளிக்கு அடுத்ததாக அந்தத் தாளைத்தான் நான் கேட்பேன். அனுமதி கிடைத்ததும் மாணவர் ஆலோசகரிடமும் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்திலும் மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கொடுத்துவிடுங்கள். மறைத்தால் கலியாணத்துக்கு நல்லது என்று நினைப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் பரீட்சை மண்டபத்தில் ஒரு நாள் அவன் எழும்பி வெளியே போய்விட்டால், அந்த அறிக்கை மட்டும்தான் அவனுக்காகப் பேசும்.

இவ்வளவு பேசும் வீடுகளில் தம்பியிடம் கேட்டீர்களா என்றால், "அவருக்கு எங்கே என்றாலும் சரியாம்" என்று பதில் வரும். நேருக்கு நேர், நாலு பேர் நடுவில் கேட்டால் அப்படித்தான் சொல்வான். அந்தக் கேள்வி சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக. தாளில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு தெரிவிலும் ஒரு நாள் எப்படிப் போகும் என்று காலை முதல் இரவு வரை எழுதி, பதிலுக்கு இரண்டு மூன்று நாள் விடுங்கள். முடிந்தால் வளாகத்துக்கும் அறைக்கும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வரும் பதில் உங்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். ஒரு பையன் திருப்பி எழுதியது குளியலறைக் கதவின் பூட்டைப் பற்றி மட்டும்: உள்ளே இருந்து பூட்ட முடியுமானால் போகிறேன், இல்லாவிட்டால் வேண்டாம். அப்பா அந்த வாரமே பூட்டை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டார்.